மடுக்கரையில் ஓர் இடம்

மந்திரி வர இன்னும் நேரமிருந்தது. பந்தலுக்குப் பின்னால், தாழை நிழலில் டாரீன் உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் தம்பி கிளைவ். வயதுக்கு வந்தபின் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை. அவர்களுடைய பூர்வகுடி ஜனத்தின் வழக்கம் அது. சேதி சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் நாய் போதும்.

"ரஸ்டி, உங்கத்தை இன்னைக்கு மகாராணியாட்டம் உக்காந்திருக்கா, பாத்தியா?" என்றான் கிளைவ், நாயின் காதை வருடியபடி. பேச்சை முடிக்குமுன் இருமல் வந்து இழுத்தது.

டாரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. யுரேனியம் தோண்ட ஒதுக்கிய நிலம் இன்று தேசியப் பூங்காவோடு திரும்பச் சேருகிறது. அதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியே அவள் முழங்கால் தேய்ந்தது. அந்த நிலம் கைவிட்டுப் போனதோ இவன் போட்ட கையெழுத்தால். வீட்டு ஆண்பிள்ளையைக் கேட்டால் போதும் என்று கம்பெனிக்காரன் நினைத்தான். இவனும் போட்டுக் கொடுத்தான். பிறகு அதே கம்பெனியின் வேறொரு சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான்.

மடுக்கரையில் அவர்கள் அம்மாவைப் புதைத்த இடம் இருக்கிறது. அதைக் குடும்பத்துக்கென்று வரைபடத்தில் குறிப்பதானால் இன்றே சொல்லிவிட வேண்டும், பூங்காவோடு சேர்ந்தபின் அங்கே யாரையும் புதைக்க முடியாது என்று வனக்காவலர் காலையிலேயே சொல்லியிருந்தார். டாரீன் சொல்வதுதான் முடிவு.

"அம்மா பக்கத்துல எனக்கு ஆறடி போதும்னு சொல்லு ரஸ்டி."

டாரீன் தரையைப் பார்த்தே பேசினாள். "ரஸ்டி, கம்பெனி அவனுக்கு டவுன்ல வீடு குடுத்துச்சுல்ல? குழியும் கம்பெனிகிட்டயே கேக்கச் சொல்லு."

கிளைவின் மனைவி மாவிஸ் தேநீரோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"கேக்காமலா கையெழுத்துப் போட்டேன்?" என்றான் கிளைவ் நாயிடம், மாவிஸைக் கண்ணால் காட்டி. "உங்கம்மாகிட்டதான்டா சொல்லி அனுப்பினேன். 'அவன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க'ன்னு வந்து சொன்னா."

டாரீன் அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டால் அவன் என் தம்பியே இல்லை என்று சொல்லியிருந்தாள். நிமிர்ந்து மாவிஸைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

மாவிஸ் தேநீர்த் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அத அப்படியே சொல்ல எனக்கு வாய் வரல அண்ணி. கோவம் தணிஞ்சா நீங்களே வேற சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள போட்டுட்டாரு."

"முப்பது வருஷமாவா வாய் வரல?"

மாவிஸ் தேநீரைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போனாள். பந்தல் பக்கமிருந்து வனக்காவலர் வரைபடத்தோடு வந்தார். "மந்திரி கார் வந்துடுச்சும்மா. மடுக்கரையில குறிக்கவா, வேண்டாமா?"

டாரீன் வாயைத் திறந்தாள். கேட்டுவிட்டுத்தான் போட்டான் என்பதால் கம்பெனி சோதனைக்குத் தோண்டிய குழி தூர்ந்துவிடுமா? இத்தனை வருஷக் கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்போது கிளைவ் தரையில் கையூன்றித் திரும்பினான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருக்க வேண்டும், குனியவில்லை. இவ்வளவு காலம் அவள் மனசுக்குள் வைத்துத் திட்டித் தீர்த்தது, கடைசியாக முகம் பார்த்தபோது மீசை அரும்பியிருந்த ஒரு பையனை. எதிரே யாரோ ஒரு கிழவன், பல் போன வாயைத் திறந்துகொண்டு, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.