தையல் பிரிந்த காங்கோ

தையல்காரி எதை வாங்கப் போனாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள். வெளிப்பக்கத்துக்கு யார் வேண்டுமானாலும் மினுக்குக் கொடுத்துவிடலாம், செய்தவனின் யோக்கியதை உள்ளேதான் இருக்கும் என்பது அவள் கட்சி. அதனால் அந்த லாட்ஜின் வரவேற்பறையில் நின்ற இரண்டு பழைய காங்கோ மேளங்களைக் கண்டதும் அவள் தட்டிப் பார்க்கவில்லை. பெரியதன் தலைமேல் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடியை இறக்கிவைத்தாள். காங்கோவைத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்து, அதன் அடிவாய்க்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துக் குனிந்தாள்.

"உள்ளே எலி எதுவும் இல்லம்மா," என்றார் லாட்ஜ் மேலாளர்.

"இருந்திருந்தா அதுக்கும் ஒரு நாள் வாடகை போட்டிருப்பீங்களே," என்றான் அவள் கணவன். அவன் லாரி ஓட்டுபவன். வாங்கினால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று கூட வந்திருந்தான்.

இடுப்பளவு உயரம், நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய உடம்பு, மேலே தோல், கையால் வாசிப்பது. அதுதான் காங்கோ. அவள் வீட்டில் இருந்த ஜோடி ஃபைபரில் வார்த்தது. அதை வைத்துக்கொண்டுதான் பதினோரு வருஷமாக அண்ணனின் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறாள். பகலெல்லாம் தையல் மெஷின், வார இறுதியில் மேடை. குழு அண்ணனுடையது, கீபோர்டும் அவர்தான். அடுத்த மாதம் குழுவின் சொந்தப் பாட்டுகள் எட்டை ஒலிப்பதிவு செய்யப் போகிறார்கள். போன வாரம் அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடையில எப்படியோ ஒப்பேத்திடலாம் பாப்பா. ரெக்கார்டிங்ல உன் கொட்டு பக்கெட்டைத் தட்டுற மாதிரிதான் விழும். நல்ல மரக் காங்கோ கிடைச்சா நீ வாசி. இல்லன்னா வெளியாளைச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதே."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கே பழைய மரக் காங்கோ எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். பதினோரு வருஷத்து இடம். ஒருமுறை வெளியாள் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் தன்னை எழுப்பிவிட்ட மாதிரிதான் என்று அவளுக்குத் தெரியும்.

லாட்ஜில் அந்த ஜோடி ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் வருஷக்கணக்காகப் பூச்சாடி தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இப்போது இடத்தைப் புதுப்பிக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று பேர் பார்த்துவிட்டு, பெரியது விரிசல் விட்டிருப்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மேலாளரே அதை மறைக்காமல் சொன்னார்.

உண்மைதான், பெரியதன் வயிற்றில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு பிளந்து கிடந்தது. தையல்காரி ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை உருவி, அந்தப் பிளவில் மெல்ல நுழைத்து, மேலிருந்து கீழே இழுத்தாள். ஊசி எங்கும் இடறவில்லை. கோடு போட்ட மாதிரி நேராக இறங்கியது.

மேலாளருக்குக் கேட்காதபடி கணவனிடம் முணுமுணுத்தாள்: "துணி கிழியலங்க. தையல்தான் பிரிஞ்சிருக்கு."

அந்த உடம்பு ஒரே மரத்தைக் குடைந்தது அல்ல. மேலும் கீழும் ஒடுங்கி நடுவில் அகன்ற நீளப் பலகைகளைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒட்டியது. பீஸ் வைத்துத் தைத்த பாவாடை மாதிரி. ஏசியில் மரம் காய்ந்து சுருங்கி, ஒரு மூட்டு மட்டும் விட்டிருக்கிறது. பலகை உடைந்திருந்தால் பிளவு மரத்தின் இழையோடு கோணல்மாணலாக ஓடியிருக்கும். பிறகு அவள் அளவு நாடாவை எடுத்து வாயின் விட்டத்தைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை அளந்தாள். நூலிழை வித்தியாசம் இல்லை. இத்தனை வருஷம் பூச்சாடி சுமந்தும் வட்டம் கெடவில்லை.

"அம்மா ஜாக்கெட் தைக்கப் போறாங்களா இதுக்கு?" என்றார் மேலாளர்.

"கை வைக்காத ஜாக்கெட்," என்றாள் அவள்.

விலை சீக்கிரம் படிந்தது. விரிசல் விட்டதை வாங்க ஆள் வந்ததே பெரிது என்று மேலாளர் நினைத்தார். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னதை முதலில் வாசித்துப் பார்த்தாள். விளிம்பில் விரல் பட்டதும் சுளீரென்று பேசியது. நடுவில் உள்ளங்கை வைத்ததும் ஒரு கனத்த சத்தம் எழுந்து, அறைச் சுவரைத் தொட்டு, நிதானமாக அடங்கியது. மெஷினில் தொங்கிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் லேசாக அதிர்ந்தது. ஃபைபர் காங்கோ அடித்தவுடன் கத்திவிட்டு ஓய்ந்துவிடும். இது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு நிமிஷம் யோசிக்கிற ஆள் மாதிரி இருந்தது. அவள் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரவிக்கை வாங்க வந்தவள் வாசலில் நின்று நின்று, கடைசியில் தானே உள்ளே வந்து தன் ரவிக்கையை எடுத்துக்கொண்டு போனாள்.

பெரியதைக் கழற்றினாள். தோலை எடுத்து அலமாரி மேல் பத்திரப்படுத்தினாள். போல்ட், பட்டை, அடியில் இருந்த துருப்பிடித்த இரும்பு வளையம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். மறுநாள் பள்ளிச் சீருடைகளை ஒப்படைக்க அதிகாலையிலேயே கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோது குளியலறையில் இருந்து கணவன் எட்டிப்பார்த்தான். ஒரு லாரியை எங்கேயோ இடித்துவிட்டு வந்தவனின் முகம்.

"உள்ளே வராதே. கொஞ்சம் உட்காரு. தண்ணி குடிக்கிறியா?"

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் நிறைந்திருந்தது. அதற்குள் பதினாலு பலகைகள் மிதந்துகொண்டிருந்தன.

"மரத்தொட்டி ஒழுகினா எங்கப்பா அதை ஒரு நாள் பூரா தண்ணியில போட்டு வைப்பார்," என்றான் அவன். "பலகை ஊறி இடுக்கு தானா மூடிக்கும். நீ வர்றதுக்குள்ள சரிபண்ணி உன்னை அசத்திடலாம்னு..."

"அசத்திட்டீங்க."

"ரெண்டு அடி வேணா அடிச்சிடு."

"தொட்டியில வளையம் இருக்கும், அது பிடிச்சுக்கும். இது பசையில நிக்கிற சாமான்." அவள் ஒரு பலகையை எடுத்து அதன் விளிம்பைத் தடவினாள். கஞ்சி போல வழவழவென்று விரலில் வந்தது. அவளுடைய வெட்டுமேசையைச் செய்த தச்சர், மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரத்தைக் கட்டி கட்டியாகப் போட்டுக் காய்ச்சியதை அவள் பார்த்திருக்கிறாள். இது அந்தப் பசைதான். தண்ணீரில் கரையும், காய்ச்சித் தடவினால் திரும்பப் பிடிக்கும். செய்தவன், என்றைக்காவது யாராவது பிரித்துச் சரிசெய்ய வேண்டி வரும் என்று நினைத்தே செய்திருக்கிறான்.

அப்போதுதான் ஒலிப்பதிவுக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது என்பதும் அவளுக்கு உறைத்தது.

பலகைகளைத் துடைத்து வெட்டுமேசையில் பரப்பினார்கள். வளைத்துச் செய்தவை அல்ல, தடித்த மரத்தில் வளைவாகவே செதுக்கியவை. அதனால் ஊறியும் உருமாறவில்லை. உள்பக்கத்தில் உளியின் தடங்கள் வரிவரியாக, விரல் வைத்து எண்ணும்படி இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சின்னச் சின்ன வெட்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாலு வரை. கடைசிப் பலகை மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் ஒடுக்கம்.

"இதை யாரோ மாத்தி வச்சிருக்காங்க," என்றான் கணவன்.

தையல்காரி சிரித்துவிட்டாள். இத்தனைக்கும் நடுவில் சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "மாத்தலங்க. பதிமூணு பீஸ்லயும் நூல் நூலா தப்பு சேர்ந்துக்கிட்டே வரும். எவ்வளவு பெரிய கைகாரனுக்கும் வரும். அந்தத் தப்பையெல்லாம் கடைசிப் பீஸ்ல வாங்கிக்கணும். நான் பாவாடைக்குச் செய்யறதை இந்த ஆள் மரத்துல செஞ்சிருக்கான்."

அன்றிரவு தூங்கப்போகும்வரை அவள் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

பன்னிரண்டு நாள் நிழலில் உலர்த்தினார்கள். வெயிலில் வைக்கக் கணவனின் கை துறுதுறுத்தபோதெல்லாம் அவள் அளவுகோலை எடுத்துக் காட்டினாள். பதின்மூன்றாம் நாள் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். நாற்றம் தெருமுனை வரைக்கும் போயிற்று. "நம்ம வீட்டுல யாரோ செத்துட்டாங்கன்னு போலீஸ் வரப்போகுது," என்றான் அவன்.

அடியிலிருந்த வெட்டுகளின் எண்ணிக்கைப்படி பலகைகளை நிறுத்தி, அவள் விளிம்புகளில் பசை தடவிக்கொண்டே வந்தாள். பசை ஆறுவதற்குள் இறுக்க வேண்டும். லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட்டுகளை அவன் மூன்று இடத்தில் சுற்றினான். அவள் அவசரப்படுத்தியபோது அவன் முதல்முறையாக அவளை அதட்டினான்.

"ஒண்ணை மட்டும் இறுக்கினா சரக்கு ஒரு பக்கமா சாயும். இது என் வேலை. மேலே கால் திருகு, நடுவில கால் திருகு, கீழே கால் திருகு. திரும்ப மேலே. நீ கணக்கா சொல்லிக்கிட்டு வா."

அவள் சொன்னாள். பதினாலாவது பலகை சின்ன முனகலோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மூட்டுகளில் எல்லாம் பசை முத்துமுத்தாகத் துளிர்த்தது. ஆறு நாள் பெல்ட்டை அவிழ்க்கவில்லை. பிறகு வளையத்தைப் போட்டு, பழைய தோலையே ஏற்றி, போல்ட்டுகளை முடுக்கினாள்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் போனபோது வெளியாள் ஏற்கெனவே வந்திருந்தார். சக்கரம் வைத்த பெட்டிகள், பளபளக்கும் புதுக் காங்கோக்கள். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "எதுக்கும் இருக்கட்டும்னுதான் பாப்பா," என்றார்.

"பரவாயில்லண்ணே," என்றாள். பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெளியாள் அவளுடைய பெரிய காங்கோவைப் பார்த்தார். கேட்டுக்கொண்டுதான் கை வைத்தார். நடுவில் ஒரு அடி, விளிம்பில் ஒரு அடி. பிறகு அதைச் சாய்த்து உள்ளே வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். அவளுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

"உளி போட்ட தடம் அப்படியே இருக்கு. மூட்டு மட்டும் புதுசு," என்றார். "யாரு பிரிச்சு ஒட்டினது?"

"பிரிச்சது நான்," என்றான் கணவன் உடனே.

"ஒட்டினது நான்," என்றாள் அவள்.

"நீங்க மெக்கானிக்கா?"

"டெய்லர்."

வெளியாள் தலையாட்டினார். "கொஞ்சம் வாசிங்க."

அவள் முதல் பாட்டின் நடையை வாசித்தாள். எட்டுச் சுற்று போதும் என்று நினைத்தவள், சத்தத்தின் சுகத்தில் பதினாறு சுற்றுவரை போய்விட்டாள். கை எடுத்த பிறகும் அந்தக் கனத்த சத்தம் அறையில் கொஞ்சம் தங்கியது. வெளியாள் தன் காங்கோவின் உறையை இழுத்து மூடினார்.

"இந்த அம்மா இருக்கும்போது என்னை எதுக்கு சார் வரச் சொன்னீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார். "வந்ததுக்கு வேணா கிலுகிலுன்னு ஷேக்கர் ஆட்டிட்டுப் போறேன்."

அண்ணன் கீபோர்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். "சரி. பாப்பா, உட்காரு. போலாமா?"

பதினோரு வருஷமும் அவர் "போலாமா" என்று கேட்டதும் அவள் தலையை ஆட்டியிருக்கிறாள். அதற்குப் பதிலை யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. இன்றைக்கு அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாள்.

"இருங்கண்ணே. இன்னும் சுதி சேர்க்கலை. பாட்டோட ஆதார சுரத்தைப் பிடிங்க."

அவர் ஒரு விரலால் கீபோர்டில் அதை அழுத்தினார். அவள் காதைத் தோலருகே வைத்து ஒரு போல்ட்டைக் கால் திருகு திருகினாள். எதிர்ப்பக்கத்துப் போல்ட்டை இன்னொரு கால் திருகு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் காத்திருந்தார். கிடார்காரர், பாடகி, வெளியாள் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

போதுமா என்று அண்ணன் கேட்கவில்லை. அவள் நிமிர்கிறவரை அந்தச் சுரத்தின்மேல் வைத்த விரலை அவர் எடுக்கவும் இல்லை.