தூக்க வேண்டாம்

சுகாசினியின் சக்கர நாற்காலிக்கு இரு பக்கமும் மூங்கில் கழியைக் கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வகுப்புத் தோழன் பாலாஜி கயிற்றை இழுத்துப் பார்த்தான்.

"பயப்படாத சுகா. எங்கப்பா நம்ம தாமல் ஊரு அம்மனைத் திருவிழால தூக்கறவரு. இது அம்மன் கட்டு. அவுறவே அவுறாது."

சுகாசினி கழியையும் கயிற்றையும் பார்த்தாள். பி.காம். தேர்வுக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று போன மாதமே கேட்டிருந்தாள். தேர்வுப் பொறுப்பாளர் ரேவதி மேடமும், "ஏற்பாடு பண்ணிட்டேம்மா, கவலையே படாத" என்றிருந்தார். அந்த ஏற்பாடு இதுதானா?

"மேடம், கீழ ரூம்னு சொன்னீங்களே?"

"அங்க விடைத்தாள் கட்டு வெச்சிருக்குதுமா. பசங்க இருக்காங்க இல்ல? பூ மாதிரி தூக்கினு போயிடுவாங்க."

அடுத்த நொடி அவள் காற்றில் இருந்தாள். பாலாஜியும் மூன்று நண்பர்களும் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி, சாமி ஊர்வல நடையில் அசைந்தசைந்து படியேறினார்கள். யாரோ பின்னாலிருந்து குடை பிடித்தார்கள். "ஓம் சக்தி!" என்று ஒருவன் கத்த, "பராசக்தி!" என்று மாடியே திருப்பிக் கத்தியது. எங்கு பார்த்தாலும் செல்போன்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சாய்ந்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. அதைவிட மோசம், மேல்படியில் நின்ற ஒரு பெண். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுகாசினி போகக்கூடிய கழிப்பறை கீழேதான் இருந்தது. கேட்டால் அம்மன் மறுபடி இறங்கி ஏற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கடைசிக் கணக்கை முடிக்காமலே விடைத்தாளைக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் அவளுடைய அப்பா சிட்டிபாபு, ஆட்டோவை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகப் போனில் அந்த ஊர்வல வீடியோவை நீட்டினார். "ஊரே பாக்குதுமா! நம்ம காலனி பக்கம் அந்த சாமி எட்டிக்கூடப் பாத்ததில்ல. இப்ப நீயே சாமியாயிட்ட, போ!"

சிரித்தவர் மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வீடியோவுக்குக் கீழே கல்லூரியே எழுதியிருந்ததை அவள் படித்துக்கொண்டிருந்தாள்: 'அன்பு இருக்கும் இடத்தில் சாய்தளம் எதற்கு?'

சக்கரம் ஏறச் சாய்தளம் கேட்டு ஒரு வருடமாக அலைந்தவள் அவள். திரும்பத் திரும்பப் படித்தாள்.

அடுத்த தேர்வன்று மாடிப்படிக்கு முன்னால் வந்ததும் பிரேக்கைப் போட்டாள்.

"இன்னா சுகா, டைம் ஆவுது. கட்டலாமா?"

"வேணாம் பாலாஜி. தூக்காத."

அவன் முகம் விழுந்துவிட்டது. "ரொம்ப ஆட்டிட்டமா? இன்னிக்கு மெதுவா போறோம்பா. அம்மனையே தூக்கறவங்க, உன்னத் தூக்க மாட்டமா?"

"அம்மனுக்கு ஒண்ணுக்கு வராது. எனக்கு வரும்."

கயிறு பிடித்திருந்த கைகள் கீழே இறங்கின. ஒருவன் சிரிக்க வாயெடுத்து அப்படியே மூடிக்கொண்டான்.

"அன்னிக்கு..." பாலாஜிக்குக் குரல் இறங்கியது. "முடியறவரைக்கும் அப்பிடியேவா உக்காந்துனு இருந்த?"

அவள் தலையாட்டினாள்.

மணி அடித்தது. ரேவதி மேடம் படியிறங்கி வந்தார். "இன்னாமா இது, அடம்? அரைமணி தாண்டினா ஆப்சென்ட்தான் போடணும்."

"போட்டுக்கோங்க மேடம். நான் ஏற மாட்டேன்."

இந்தத் தாள் போனால் வருடமே போன மாதிரி. ஆனாலும் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாலாஜி மேடத்தின் முன்னால் போய் நின்றான். "மேடம், ரூம்ல இருக்கறது பேப்பர் கட்டுதான? தொறங்க. அத நாங்க தூக்கினு போய் மேல வெச்சிடறோம். பேப்பருக்கு அவசரம்னு ஒண்ணு இல்லியே."

ரேவதி மேடம் சுகாசினியைப் பார்த்தார். சாவி கொண்டுவரச் சொன்னார். வாட்ச்மேன் அப்பாதுரை நிதானமாக வந்து பூட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு காகிதம்கூட இல்லை. பெஞ்சும் டெஸ்க்கும் வரிசையாகக் கிடந்தன. மேலே தூசி.

"கட்டெல்லாம் எங்க?" என்றார் மேடம்.

"அதெல்லாம் போன வருசமே லாரில ஏத்தினு பூட்டாங்களே மேடம். காலியாத்தான் கீது."

"சொல்லவே இல்லியே?"

"யாரு கேட்டீங்க?"

மேடம் கதவைப் பிடித்தபடி காலி அறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலாஜி தன் தோளைத் தடவிக்கொண்டான். சுகாசினிக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்கூட அப்போது வரவில்லை. ஒரு சாவி. அவ்வளவுதான்.

பிரேக்கை விடுவித்து, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஃபேனப் போடுங்க மேடம்" என்றாள். "டைம் போவுது."