இரும்பு வரைக்கும் ஒரு கும்மி

அன்புச்செல்விக்குக் காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை. பின்னே, இறங்குமா? காரமடையில் அன்று சாயங்காலம் வள்ளி கும்மி அரங்கேற்றம். ஒரே நிறச் சேலையில் ஐம்பது அறுபது பெண்கள். ஆட்டத்தின் கடைசிப் பாட்டு அவள் எழுதியது. அதில் முருகனும் இல்லை, வள்ளியும் இல்லை. நட்சத்திரத்துக்குள்ளே என்ன வேகிறது என்று சொல்லுகிற பாட்டு. சரவணம்பட்டிக் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறவள் கும்மியில் சேர்ந்தால் வேறென்ன எழுதுவாள்?

கும்மி வாத்தியார் பாலுசாமிக்குத்தான் அதில் நம்பிக்கையே இல்லை.

"இத பாருங்க அம்மணி, பாக்கற சனத்துக்கு ஒண்ணும் புரியாமப் போச்சுன்னா, அடுத்த அரங்கேற்றத்துல இந்தப் பாட்டு கெடையாதுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன். அப்பறம் என்ற மேல கோவிச்சுக்கப்படாது."

"புரியுமுங்கண்ணா. நீங்க பாருங்க!"

வாய்தான் அப்படிச் சொன்னது. ஒத்திகையில் ஒரு தடவைகூட ஆட்டம் சரியாக வரவில்லை.

ஆட்டம் என்னவோ லேசானதுதான். வட்டத்தில் சுற்றுகிற ஒவ்வொரு பெண்ணும் ஒரு ஹைட்ரஜன். நாலு பேர் கை கோத்தால் ஹீலியம். அப்படிச் சேரும்போது எடையில் துளியூண்டு குறையும். அந்தத் துளிதான் வெளிச்சமாக வெளியே வரும். அதற்காக எல்லார் மடியிலும் செவ்வந்திப் பூ. கை கோத்ததும் ஒரு பிடி அள்ளி இறைக்க வேண்டும். மூன்று ஹீலியம் கூடினால் கார்பன், இன்னொரு ஹீலியம் ஒட்டினால் நாம் மூச்சு விடுகிற ஆக்ஸிஜன், அப்படியே கனத்துக் கனத்து நடுவில் இரும்பு வரைக்கும் போகும்.

ஆனால் நம் ஊர் ஹைட்ரஜன் கைகோத்தால்தானே!

"நீங்க வாங்கக்கா மொதல்ல" என்பாள் கீதா.

"அய்யோ, நீ போ கண்ணு. நான் பொறகால வாரேன்" என்று ராசாத்தாள் பின்வாங்குவாள்.

"பெரியவங்க நீங்க நிக்கறப்ப நான் எப்படீங்க்கா முந்தறது?"

அரங்கேற்றத்திலும் அதேதான் நடந்தது. மைதானம் முழுக்கச் சனம். ஒவ்வொரு வார்த்தையும் விளங்க வேண்டும் என்று அன்புச்செல்விதான் பாட்டை மெதுவாகப் பாடச் சொல்லியிருந்தாள். பாலுசாமி இழுத்து இழுத்துப் பாடினார்.

*நாலணு வந்து நெருங்குதம்மா – சூரியன்
நடுவுல ஒண்ணாக் கலக்குதம்மா...*

எங்கே நெருங்கியது? கீதா ஓர் அடி எடுத்து வைத்தாள். ராசாத்தாள் இரண்டு அடி விலகி வழிவிட்டாள். வட்டம் முழுக்க 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று ஒரே உபசாரம். நாற்காலி வரிசையிலிருந்து ஒருத்தர் கத்தினார்:

"கல்யாண ஊட்டு வாசப்படியில நிக்கறாப்புல நிக்கறாங்க பாருங்கப்பா!"

சனம் கொல்லென்று சிரித்தது. அன்புச்செல்விக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. அவ்வளவுதான், பாட்டு போச்சு என்று நினைத்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. நிஜ ஹைட்ரஜன் மட்டும் வேறு என்ன செய்கிறது? ஒன்றை ஒன்று தள்ளித் தள்ளித்தானே விடுகிறது! சூடு ஏறினால்தான் ஒட்டும். சூடு என்றால் வேகம். வருசா வருசம் வகுப்பில் சொல்கிறவள், தன் நட்சத்திரத்தைத் தானே ஆறப் போட்டுவிட்டாளே!

"அண்ணா, வேகமாப் பாடுங்க! மேளத்த முடுக்கச் சொல்லுங்க!"

"வார்த்த வெளங்காதுங்க அம்மணி!"

"வார்த்த கெடக்குதுங்க! அடிக்கச் சொல்லுங்க!"

மேளக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? பிளந்து கட்டினார்கள். கால்கள் பறந்தன. அந்த வேகத்தில் யாருக்கு யார் வழிவிடுவது? ராசாத்தாள் போய்க் கீதாவின் மேலேயே மோதினாள். விழாமல் இருக்க இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், பின்னால் வந்த இரண்டு பேர் அவர்களைப் பிடித்தார்கள். குப்பென்று பறந்தது செவ்வந்தி!

"அட, ஒட்டிக்கிச்சு பாரு!" என்றது கூட்டம்.

அங்கே ஒரு ஹீலியம், இங்கே ஒரு ஹீலியம், அக்கட்ட ஒரு கார்பன். மஞ்சள் மஞ்சளாகப் பூமாரி. ஒவ்வொரு கைகோப்புக்கும் சனமே சேர்ந்து கை தட்டியது. கடைசியில் நடுவில் ஒரு கூட்டம் இறுகி நின்றது. "இரும்பு!" என்று மைக்கில் கூவினார் பாலுசாமி. இரும்பைச் சேர்த்துக் கட்டினால் வெளிச்சம் வராது, இருக்கிறதையும் அதுவே தின்னும். மடியில் பூ இல்லை. மேலேயிருந்து அமுக்குகிற கனத்தை உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்கச் சூடும் இல்லை. மேளம் டக்கென்று நின்றது. சுற்றி இருந்த வட்டமெல்லாம் தடதடவென்று உள்ளே சரிந்து, 'ஓ' என்று கூவிக்கொண்டு எட்டுத் திக்கும் வெடித்துச் சிதறியது.

அன்புச்செல்வி போய் விழுந்தது முதல் வரிசை நாற்காலியில். பக்கத்தில் இடுப்புக் குழந்தையோடு ஒரு பெண். அவள் தலையெல்லாம் பூ.

"ஏனுங்க்கா," என்று அந்தப் பெண் தாலிக்கொடியைத் தூக்கிக் காட்டினாள். "இரும்போட நின்னு போச்சுங்களே. அப்ப இந்தத் தங்கம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

அன்புச்செல்வி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். கேட்டுவிட்டாளே! புரியாமலா கேட்டாள்?

அதற்குள் பாலுசாமி மைக்கோடு ஓடி வந்தார். "எனக்கும் அதேதானுங்க சந்தேகம். சொல்லுங்க அம்மணி!"

"அதுக்கு இந்த மாதிரி வெடிச்சு மிச்சமான நட்சத்திரம் ரெண்டு மோதோணுமுங்கண்ணா. இன்னொரு வட்டம் வேணும். நாங்க பத்த மாட்டோம்."

பாலுசாமி சனத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, சேர்ல உக்காந்திருக்கறவங்கெல்லாம் ஒட்டுக்கா எந்திரிச்சு வாங்க! தங்கத்துக்கு ஆள் பத்தலையாமுங்க!"