யுவராணி ஏலக்காய்

எழுந்ததும் சுருளிராஜன் மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பும்வரை பல் விளக்கினான். பால் காய்ச்சி, காபி போட்டு, ஆறவிட்டுக் குடித்தான். குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு போடி கடைவீதிக்குப் போய்க் கடையைத் திறந்தான். ஏலக்காய் மூட்டையை அவிழ்த்துச் சல்லடையில் கொட்டினான். பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம். மனைவி யுவராணி இறந்ததிலிருந்து எல்லா நாளும் இப்படித்தான் விடிகிறது.

கடையின் கவரில் இருப்பது அவள் பேர். கல்யாணமான வருஷமே இருவருமாகச் சேர்ந்து அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருந்தார்கள். பத்து வருஷக் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அவன் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் புதுப்பித்துவிடலாம், விட்டால் வேறு யாராவது அந்தப் பேரைக் கேட்டு நிற்பார்கள் என்று தேனி ஆடிட்டர் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதைப் போடவிடாமல் தடுத்தவன் யுவராணியின் அண்ணன் ராஜபாண்டி. எதிர்வரிசையில் அவனுக்கும் ஏலக்காய்க் கடை. சரக்கு மட்டம், பேச்சு முதல் தரம். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் கையெழுத்து ஆகாது என்றான். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து தலையாட்ட வைத்தான். காரியம் முடிந்த கையோடு தங்கை நகையைப் பிறந்த வீட்டுக்கு எழுதி வாங்கியபோது மட்டும் சுருளியின் கையெழுத்து ஆகியிருந்தது.

"கடைசி மூச்சுல, 'அண்ணே, எம் பேரை நீதான் பாத்துக்கணும்'னு சொன்னா மாப்ள" என்று கண்ணைத் துடைப்பான். துடைக்க ஈரம் இருக்காது. ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்காதவனுக்கு அது எப்படிக் கேட்டதோ. சுருளி தலை நிமிராமல் சல்லடையைச் சலிப்பான்.

சனிக்கிழமை ராஜபாண்டியின் மனைவி ராமுத்தாய் குச்சனூர் கோயிலிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். அவர்கள் குடும்பத்தில் எந்தப் புதுச் சரக்கானாலும் முதல் பொட்டலம் அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான். பெண் செத்துப்போனாள் என்பதற்காக வழக்கம் நிற்குமா? சனீஸ்வரர் காலடியில் வைத்து எடுத்த பொட்டலத்தை யுவராணியின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

சுருளி எடுத்துப் பார்த்தான். பளபளப்பான கவர். மேலே 'யுவராணி ஏலக்காய்'. கீழே 'ராஜபாண்டி டிரேடர்ஸ், போடி'.

"இது எப்ப அடிச்சதுக்கா?"

"போன மாசமே தம்பி. கெடு முடிஞ்ச மறுநாளே இந்தப் பேரை எழுதிக் கேக்கணும்னு அவுக காத்துக்கிட்டு இருக்காக. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாகளே."

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அந்த வீட்டுக் கள்ளம் முழுவதும் கணவன் பங்குக்குப் போயிருந்தது.

சுருளி ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினான். ஆடிட்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு ராஜபாண்டி நின்றான். முதல் பொட்டலத்தைச் சேர்த்துவிட்டதாகவும், அதைப் பார்த்ததும் சுருளி தேனி பஸ் ஏறிவிட்டதாகவும் ராமுத்தாய் பெருமையாகப் போனில் சொல்லியிருந்தாளாம்.

"துக்கத்துல இருக்கிற மனுசன் செய்யிற வேலையா மாப்ள இது?"

"கவர் அடிக்க இல்லாத துக்கம் கையெழுத்துக்கு மட்டும் எங்கன இருந்து வருது மச்சான்?"

ஆடிட்டர் கம்ப்யூட்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். ராஜபாண்டியிடம் வேறு சரக்கு இல்லை. பழையதையே எடுத்தான்.

"அவ கடைசியா என்ன சொன்னா தெரியுமா..."

அவள் கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது சுருளி மட்டும்தான். ஐ.சி.யூ. கட்டிலில் கண்ணைத் திறந்து அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள்.

"செருப்ப வெளிய விட்டுட்டு வந்துட்டீகளா? நாய் தூக்கிட்டுப் போயிரும், போயி எடுத்து வைங்க."