கடற்கரைக்கு வராத குரல்

"ணமோ அரிஹந்தாணம்" என்று தம்பியின் காதுக்குள் மறுபடியும் ஆரம்பித்தார் விருஷபதாஸ். தமக்குக் காது மந்தம் என்பதால், செஞ்சிக் கோட்டை மேலிருக்கிற குரங்குகளுக்கும் கேட்கும்படி ஓதினார்.

படுக்கையில் கிடந்த தர்மதாஸோ, "அந்த அயர்லாந்துக்காரன் ஈட்டிய எடுத்தான்" என்றார்.

"நைனா, நைனா" என்று அவர் மகள் அனந்தமதி அப்பாவின் தோளைத் தட்டினாள். கடைசி மூச்சு மந்திரத்தோடு போக வேண்டும். கொலையை நினைத்துக்கொண்டு போனால் அடுத்த பிறவி என்னவாகும் என்று சமண வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் ஓர் அயர்லாந்துப் பாதிரியார் பற்றவைத்தது. மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நைனாவிடம் தம் நாட்டு வீரர் கதைகளைச் சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். அன்று முதல் அவற்றை பைபிளோடு ஒப்பிடுவதே நைனாவுக்குப் பிழைப்பு. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற வீட்டில் சதா வெட்டும் குத்தும். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களையும் கதை சொல்லாமல் விட்டதில்லை. பைபிளில் அப்பன் மகன்மேல் கத்தி ஓங்குகிறான். வானத்துக் குரல் தடுக்கிறது. அயர்லாந்திலோ, கடற்கரையில் எதிர்த்து நின்ற பையனை மகனென்று தெரியாமல் அப்பனே கொல்கிறான். அங்கே மட்டும் ஏன் குரல் வரவில்லை? இதுதான் நைனாவின் ஆயுட்காலக் கேள்வி.

பக்கத்து வீட்டுத் தைலம்மாள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "இன்னாடி, இன்னும் அந்தச் சண்டை ஓயலியா?"

"இன்னாக்கா பண்றது? வாயத் தொறந்தா ஈட்டிதான் வருது."

இருட்டினால் சமணருக்குத் தண்ணீரும் ஆகாது என்று, பொழுது சாய்வதற்குள் அனந்தமதி ஒரு வாய் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். கடைவாயில் வழிந்தது.

"நைனா, ஒரே ஒரு தபா நமஸ்கார மந்திரம் சொல்லு நைனா."

தர்மதாஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கைய ஓங்கிட்டான்மா. புள்ள நிக்கிறான். குரல் வந்துச்சா?"

"ணமோ..." என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். பிடி இறுகியது.

"வந்துச்சா?"

எந்தக் கதை என்று கேட்க நேரமில்லை.

"வந்துச்சு நைனா. கைய எறக்கிட்டான்."

"அப்டியா" என்றார். பிடி தளர்ந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

தைலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வேண்டாம் என்று அனந்தமதி தலையசைத்தாள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார். அவருக்கு வாகாக, நைனாவின் தலையணையை அவர் பக்கம் சற்றே நகர்த்தி வைத்தாள்.