ஆமெனுக்கு முன்னால்

அண்ணன் உட்காரவில்லை. தோளில் பை, கையில் போன், ஒரு கால் கூடத்திலும் ஒரு கால் வாசல் மிதியடியிலுமாக நின்றான். கீழே வாடகைக் கார் காத்திருந்தது; டிரைவர் அதற்குள் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டார். சபையில் அப்பாவுக்கான நினைவுக்கூட்டம் முடிந்ததும், அம்மா அவன் முழங்கையைப் பிடித்த பிடி விடாமல் இழுத்து வந்ததால்தான் இந்த வீட்டு வாசலையே மிதித்திருக்கிறான். அண்ணி வரவில்லை. அம்மா மேசையில் தட்டுகளை வைத்தாள். அவனுக்கும் ஒன்று வைத்தாள். அதைப் பார்த்தும் பாராத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சமையலறையில் அம்மா என் காதருகே வந்தாள். "அவன் ஏதாச்சும் கேட்டான்னா, அப்பா தெனமும் அவன் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணினாருன்னு சொல்லிடு."

"பொய்தானேம்மா அது?"

"பொய்யோ மெய்யோ, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும். இப்படியே படியிறங்கினான்னா அப்புறம் நான் செத்தாத்தான் வருவான்."

அது எனக்கும் தெரியும். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அப்பா செய்த ஜெபத்தைப் பற்றி எப்படிப் பொய் சொல்வது? அவர் லிப்ட் மெக்கானிக். ஒரு லிப்டைச் சரிசெய்தால் முதலில் தானே தனியாக ஏறி, மேலும் கீழும் போய் வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார். "நான் ஏறாததுல அடுத்தவன் புள்ளைய ஏத்த மாட்டேன்" என்பார். வீட்டிலும் அதே கதைதான். மழையில் அம்மாவுக்குக் குடை பிடித்தால் அவர் தோள் முழுக்க நனைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கள் எல்லோருடைய துணிகளையும் அவரே இஸ்திரி போடுவார். தன் சட்டைக்கு நேரமிருக்காது, கசங்கலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சுருதி சேராமல் பாடுவார். எங்களுக்கு மானம் போகும். இன்று கூட்டத்தில் ஆளாளுக்கு அதைச் சொல்லிச் சிரித்து அழுதபோது, கடைசி வரிசையில் அண்ணன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கோபத்துக்கும் காரணம் இருந்தது. அவன் குழந்தை பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்து, இதே மேசையில், அப்பா அவன் தலையில் கைவைத்து, "எல்லாம் ஆண்டவர் சித்தம்ப்பா" என்றார். ஆறுதல் என்றுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "அந்தச் சித்தத்துக்கிட்ட இனிமே என் பேரை எடுத்துட்டுப் போகாதீங்க. உங்க ஜெபத்துல என் பேரு வரவே கூடாது." அப்பா வெகுநேரம் அவனையே பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றார். அப்பா சத்தியமெல்லாம் பண்ண மாட்டார். அவர் "சரி" என்றால் சரிதான். அண்ணன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

ஹாரன் மறுபடி அடித்தது.

"சித்தப்பா சொன்னாரு," என்றான் அண்ணன், என்னைப் பார்த்து. "கடைசி வரைக்கும் அவரு என் பேரைச் சொல்லவே இல்லையாமே. ஆஸ்பத்திரியில கூட."

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சொல்லல. நீதானே சொல்லக் கூடாதுன்ன? அவரு சொல்லல."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அண்ணன் தலையை ஆட்டினான். வந்த வேலை முடிந்தவனைப் போல, "தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பைத் தேடினான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா சொல்லாத ஒன்றுக்கு நான் எதைச் சாட்சியாகக் காட்டுவேன்?

என் கணவர் இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசுகிற மனிதர் இல்லை. அண்ணன் போன பிறகு இந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர். நடந்த சண்டையை வெட்கப்பட்டு யாரும் அவரிடம் சொன்னதில்லை. மேசையில் தட்டுக்கு முன்னால் காத்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"மச்சான், ஒரு நிமிஷம். ஜெபத்துல உங்க பேரு எங்க வரும்? அத்தைக்கு அடுத்து, இவளுக்கு முன்னாடிதானே?"

அண்ணன் நிமிரவில்லை. "ஆமா. எதுக்கு?"

"அங்கதான் மாமா நிறுத்துவாரு."

அவரே தொடர்ந்தார்.

"அத்தை பேரைச் சொல்லிட்டு அப்படியே நின்னுடுவாரு. முடிஞ்சிடுச்சுபோலன்னு நான் ஆமென்னு சொல்லிட்டுக் கரண்டியைத் தூக்கிடுவேன். எத்தன வாட்டி அசிங்கப்பட்டிருக்கேன்! பாவம், மூச்சு வாங்குது போலன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிட்டு ஜெபம் பண்ணாரு, அந்த எடத்துல நிறுத்தினாரு, நர்ஸ் பயந்துபோய் ஓடி வந்துட்டாங்க. கையால அவங்களையும் இருக்கச் சொல்லிட்டு அப்புறம்தான் இவ பேரைச் சொன்னாரு."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த நேரத்தில் அப்பா கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டி, இவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வார். பிடி தளரும்போது என் பெயர் வரும். அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அதை எடுத்துச் சொல்லலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

அண்ணன் செருப்பின் வாரைப் பிடித்தபடி குனிந்தே இருந்தான். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. ஹாரன் நீளமாக அடித்தது.

"சாப்பாடு ஆறுதுடா," என்றாள் அம்மா.

அவன் வந்தான். பையைக் கழற்றவில்லை. என் கணவருக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்துவிடுகிறவன் மாதிரி உட்கார்ந்தான். அப்பா இருந்தவரை அம்மா ஒருநாளும் வாய்விட்டு ஜெபித்தவள் இல்லை. இன்று அவளே தலை குனிந்தாள். உணவுக்காக நன்றி சொன்னாள். அப்பா வழக்கமாக அவள் பெயரில்தான் தொடங்குவார். வேறு வழி தெரியாமல் அவளும் தன் பெயரைத் தானே கூச்சத்தோடு சொல்லிக்கொண்டாள்.

அங்கே நிறுத்தினாள்.

அப்பா சொன்ன "சரி" இன்னும் அப்படியேதான் இருந்தது. அதை நீக்க வேண்டியவன் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெயரை அம்மா தொடவில்லை, தாண்டியும் போகவில்லை. இத்தனை பேசிய என் கணவருக்குப் பழக்கதோஷம் போகவில்லை. "ஆ..." என்று தொடங்கினார். கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. பாதியில் நின்றுபோனது.

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. பையின் வார் இன்னும் தோளில் தொங்கியது. கை மட்டும் நீண்டு, என் கணவரின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தது.