மூடியைத் திறந்து காட்டிய புகை

பால்கார அக்காவின் புது பிக்கப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் பால் கேன்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போன் செய்த பத்தாவது நிமிடம் மெக்கானிக் தன் பிக்கப்போடு வந்து சேர்ந்தான்.

"மஞ்ச விளக்கு எரியுது தம்பி. அதைத் தவிர எதுவும் வேலை செய்யல."

"சென்சார்க்கா. கம்ப்யூட்டர் வச்சுத்தான் பார்க்கணும்."

"என் மாமியாரே தேவலாம்டா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் காரணம் சொல்லுவாங்க."

அவன் சிரிக்காமல் கேன்களைத் தன் வண்டிக்கு மாற்றினான்.

டீசல் இன்ஜினின் எல்லாத் தலைமுறைகளையும் பிரித்துப் பார்த்த கை அவனுடையது. டர்போ வந்து இழுவை கூடியது. கம்ப்யூட்டர் வந்து புகை குறைந்தது, சத்தம் அடங்கியது. எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனாலும் மனசு கிடந்தது பழசின் மேல்தான். டீசலும் காற்றும் கிடைத்தால் போதும், ஒயர் கேட்காது, அடம் பிடிக்காது. அந்த ஆசைதான் அவனைக் கெடுத்தது. அக்காவின் புருஷன் இறந்த வருஷம், அவருடைய பழைய வண்டி ஆயில் மாற்ற வந்தது. ஆயில் மூடியைத் திறந்தான். எந்த இன்ஜினிலும் வருகிற மெல்லிய ஆவிதான் வந்தது. அதையே புகை என்று காட்டி, "பிஸ்டன் ரிங் போச்சுக்கா, இன்ஜின் இனி தேறாது" என்றான். அவள் நம்பி, வண்டியை இரும்பு விலைக்கு அவனிடமே விட்டுப் போனாள்.

இப்போது அவன் வண்டியில், பக்கத்து சீட்டில் அக்கா இருந்தாள்.

"அவர் வண்டிச் சத்தம் மாதிரியே இருக்குடா. கண்ணை மூடினா அவரே ஓட்டற மாதிரி இருக்கு."

பழசு எல்லாம் இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். கடவுள் அவளை இவ்வளவு பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கும்போது இன்னொரு பொய்க்கு நாக்கு எழவில்லை.

"அவர் இன்ஜின்தான்க்கா. நான்தான் கழட்டி என் வண்டியில மாட்டிக்கிட்டேன். அன்னைக்கு அதுக்கு ஒண்ணுமே ஆகல."

அவள் டாஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்து, இன்ஜினின் அதிர்வைத் தொட்டுப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேடா."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"என் வண்டியில இதை மாட்ட முடியுமா?"

"முடியாதுக்கா. புது வண்டி இதை ஏத்துக்காது."

கடைசிக் கடையில் பாலை இறக்கியதும் தன் வண்டிச் சாவியை அவள் கையில் வைத்தான். "வண்டியோட எடுத்துக்குங்கக்கா." வெயிலில் நடக்க ஆரம்பித்தான்.

பின்னால் ஹாரன் அடித்தது. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, அவளே ஓட்டி வந்திருந்தாள்.

"அங்க ஒரு வண்டி நடுரோட்டுல கிடக்கு. யாரு பார்ப்பா? ஏறு."

ஏறினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவன் கதவைச் சரியாகச் சாத்தும்வரை காத்திருந்து, பிறகுதான் கியர் போட்டாள்.